குழந்தைப்பேறு: பெண்ணின் சுமை அல்ல, குடும்பத்தின் பொறுப்பு



பங்கில் ஒரு திருமுழுக்கு நடக்கும்போது கடைசி இருக்கையில் அமர்ந்து, விருந்து தொடங்குமுன் எழுந்து போய்விடும் சகோதரி ஒருவர் நம் எல்லாப் பங்குகளிலும் உண்டு. வளைகாப்புக்கு அவர் வருவதில்லை. சில வீடுகளில் அவரை அழைப்பதும் இல்லை. திருமணமாகிச் சில ஆண்டுகள் கடந்தும் மடியில் குழந்தை இல்லை என்பதே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு சகோதரி நம்மிடம் செபிக்கக் கேட்டு வந்தார். தலைமீது கைவைத்துச் செபித்தோம். வேளாங்கண்ணிக்குப் போய்த் தொட்டில் கட்டி வரச் சொன்னோம். அவர் மறுபடி வந்தபோதெல்லாம் இதையே செய்தோம். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள், "எனக்கு எல்லாச் சோதனையும் எடுத்தாச்சு சாமி, ஒரு குறையும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அவரை மட்டும் இதுவரைக்கும் யாரும் கூப்பிடவே இல்லை" என்றார். அப்போது அவருக்கு வயது 36. செபித்தது தவறல்ல. அவருடைய கணவரை ஒரு முறைகூட அழைத்துப் பேசாமல் இருந்தது நம் தவறு. கோவிலில் கண்ணீர் விட்ட அன்னாவைக் குடிகாரி என்று எண்ணிய குரு ஏலியைப் போல, நாமும் முன்னால் நின்ற பெண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

யாரிடம் குறை?

ஓராண்டு காலம் கணவனும் மனைவியும் இயல்பாகச் சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகவில்லை என்றால், அதைக் குழந்தையின்மை என்று மருத்துவம் குறிப்பிடுகிறது. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இதைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஆகவே இது அரிதான நிலையும் அல்ல, சாபமும் அல்ல.

பெண்ணிடம் காணப்படும் காரணங்கள் பல: சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு கோளாறு, கருக்குழாய் அடைப்பு, கருப்பையின் உட்சவ்வு வெளியே வளர்தல். ஆணிடமும் காரணங்கள் உண்டு: உயிரணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைதல், விதைப்பையில் இரத்தக்குழாய் புடைத்தல், புகை, மது, புகையிலை, அதிக வெப்பத்தில் நெடுநேரம் வேலை செய்தல். குழந்தையில்லாத் தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. ஆணுக்கான முதல் சோதனை எளியது, செலவு குறைந்தது, வலி இல்லாதது. பெண்ணுக்கான சோதனைகள் அப்படியல்ல. ஆனாலும் நம் வீடுகளில் முதலில் மருத்துவமனைக்கு அனுப்பப்படுவது பெண்தான். 'மலடி' என்ற சொல்லை நாம் தயங்காமல் வீசுகிறோம். அதற்கு இணையாக ஆணை நோக்கி யாரும் ஒரு சொல்லை வீசுவதில்லை.

இன்னொரு காரணத்தை நம் பகுதி மக்கள் சிறப்பாக அறிய வேண்டும். படப்பையிலிருந்து தாம்பரம் சென்று மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிலையம் சானடோரியம். மருத்துவர் சவுரி முத்து 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசநோய் என்றால் இருமலும் நுரையீரலும்தான் நம் நினைவுக்கு வரும். அந்தக் கிருமி இரத்தத்தின் வழியே கருக்குழாய்க்கும் கருப்பைக்கும் போய்த் தங்கக்கூடும். இருமல் இராது, காய்ச்சலும் இராது. குழந்தை உண்டாகாததே பல பெண்களிடம் அதன் ஒரே அறிகுறி. நம் நாட்டில் குழந்தையின்மைக்கு இது ஒரு முக்கிய காரணம். காசநோய்க்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மருத்துவரிடம் எப்போது போவது? மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் ஓராண்டு பார்க்கலாம். 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். முதல் நாளே இருவரும் சேர்ந்து போக வேண்டும். பெண்ணின் கருமுட்டைகள் வயதோடு குறைந்துகொண்டே வருவதால், கணவர் தயங்கிக் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் மனைவியின் வாய்ப்பையே குறைக்கிறது.

மனோவாகு கேட்ட கேள்வி

நீதித் தலைவர்கள் நூலின் 13ஆம் அதிகாரத்தில் பிள்ளையில்லாத ஒரு பெண்ணைக் காண்கிறோம். சிம்சோனின் தாய் அவர், பெயர்கூடச் சொல்லப்படவில்லை. ஆண்டவரின் தூதர் அவருக்குத் தோன்றி, மகன் பிறப்பான் என்று அறிவிக்கிறார். திராட்சை இரசமும் மதுவும் அருந்த வேண்டாம், தீட்டானதை உண்ண வேண்டாம் என்றும் சொல்கிறார். அங்கே இது நாசீர் விரதத்துக்கான கட்டளை, மருத்துவ அறிவுரை அல்ல. ஆயினும், பிறக்கப்போகும் குழந்தையின் வாழ்வு தாயின் உணவிலிருந்தே தொடங்குகிறது என்பது அங்கே தெரிகிறது. அதைவிட நம்மைத் தொடுவது கணவர் மனோவாகின் செயல். 'அது உன் பாடு' என்று அவர் ஒதுங்கவில்லை. அந்தத் தூதர் மீண்டும் வந்து தங்கள் இருவருக்கும் கற்பிக்க வேண்டும் என்று மன்றாடினார். பிள்ளைக்காக என்ன செய்ய வேண்டும் என்று தாமே கேட்டார்.

நம் வீட்டுக் கணவர்களும் கேட்க வேண்டிய கேள்வி இது. மருத்துவம் இன்று தரும் பதில்களில் சிலவற்றைக் கீழே தருகிறோம்.

கருவுறும் முன்பே

1. ஃபோலிக் அமிலம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான முதல் நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. தாய்க்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போது உறுதியாகத் தெரியாது. தண்டுவடக் குறையோடு ஏற்கெனவே குழந்தை பெற்ற தாய்மாருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, அக்குறை மறுபடி வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது என்று பிரிட்டன் ஆய்வு ஒன்று 1991இல் காட்டியது. எனவே கரு உண்டாகும் முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. கணவரின் பழக்கம். ஆணின் உயிரணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். ஆகையால் மதுவையும் புகையிலையையும் இன்று விட்டால், பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். தவக்காலம் 40 நாள். அதில் தொடங்கி, பாஸ்காவுக்குப் பின்னும் தொடர்ந்தால் போதும்.

கருவுற்ற காலத்தில்

3. இரத்தச்சோகை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தச்சோகை உள்ளது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் அதிகாலையில் நின்றால், ஒரகடம் தொழிற்சாலைப் பேருந்துகளில் நம் வீட்டுப் பெண்கள் காலை உணவு இல்லாமல் ஏறுவதைப் பார்க்கலாம். எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் கருவுற்ற காலத்திலாவது நிற்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு எடுக்கலாம். குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று குங்குமப்பூவுக்குச் செலவிடும் பணத்தில் முட்டையும் கீரையும் பயறும் வாங்கலாம். குங்குமப்பூ நிறத்தை மாற்றாது.

4. சர்க்கரை. கருவுற்ற காலத்துச் சர்க்கரை நோயைப் பற்றி நாட்டுக்கே உணர்த்தியவர் சென்னையின் மருத்துவர் வி. சேஷையா. வெறும் வயிற்றில் வரத் தேவையில்லாத சோதனை ஒன்றை அவர் பரப்பினார். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பார்ப்பார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை தேவை. கவனியாமல் விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பருத்து, பிரசவம் கடினமாகும்.

5. புகையும் புகையிலையும் மதுவும். தாய் வெற்றிலையோடு போடும் புகையிலையும், கணவர் வீட்டுக்குள் விடும் புகையும் கருவிலுள்ள குழந்தைக்குச் சேரவேண்டிய உயிர்வளியைக் குறைக்கின்றன; குழந்தை எடை குறைந்தோ நாள் முந்தியோ பிறக்கிறது. மது குழந்தையின் மூளையையே தாக்கும் என்பது 1973 முதல் மருத்துவ உலகம் அறிந்த உண்மை. இதில் 'கொஞ்சம் பரவாயில்லை' என்ற அளவே கிடையாது.

6. பதிவு. 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து 'பிக்மி' எண் பெறவேண்டும். நம் நாட்டின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரான முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் இப்பதிவு தேவை; அந்த உதவி 2018இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தகைய கவனிப்பின் பலனைப் பாருங்கள். 2001-03இல் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018-20இல் அது 54 ஆகக் குறைந்தது. அந்த 54 பேரும் யாரோ ஒரு வீட்டின் மகள்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

குழந்தை பிறந்தபின்

7. சேனை வைக்க வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. நோய் எதிர்ப்பு ஆற்றல் நிறைந்த அதுவே குழந்தையின் முதல் தடுப்பு மருந்து. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் தேவையில்லை. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். பத்தியம் என்று சொல்லி, பால் கொடுக்கும் தாய்க்குச் சோற்றையும் தண்ணீரையும் குறைப்பதும் தவறே.

திருச்சபை சொல்வது

நோயைக் குணப்படுத்திக் கருவுற உதவும் மருந்தையும் அறுவை சிகிச்சையையும் திருச்சபை வரவேற்கிறது. ஆய்வுக்கூடக் கருத்தரிப்பு, பிறரது கருமுட்டை அல்லது உயிரணு, வாடகைத் தாய் ஆகியவற்றை 1987, 2008 ஆகிய ஆண்டுகளின் வத்திக்கான் ஏடுகள் ஏற்கவில்லை. குழந்தை கணவன் மனைவியின் அன்பு உறவில் பிறக்க வேண்டிய கொடை என்பதும், அச்சிகிச்சையில் கருக்கள் அழிக்கப்படுகின்றன என்பதும் அதன் காரணங்கள். அதே வேளையில், எந்த வழியில் பிறந்தாலும் குழந்தை கடவுளின் பிள்ளையே. அன்போடு ஏற்கப்பட வேண்டியதே. ஒரு வழியை வேண்டாம் என்று சொல்லும் நாம், திறந்திருக்கும் வழிகளில் அந்தத் தம்பதியரோடு நடக்கவும் கடமைப்பட்டவர்கள்.

அவற்றுள் ஒன்று தத்தெடுப்பு. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாததால், நெடுங்காலம் நாம் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர்களாக மட்டுமே இருக்க முடிந்தது. சிறார் நீதிச் சட்டம் அந்த நிலையை மாற்றியது. எச்சமயத்தவரும் இச்சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2014இல் உறுதி செய்தது. இன்று நடப்பில் உள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, தத்தெடுத்த குழந்தைக்குப் பெற்ற பிள்ளைக்குரிய எல்லா உரிமையும் உண்டு. 'காரா' எனப்படும் மத்திய அமைப்பின் வழியே பதிந்தால், மாவட்ட ஆட்சியர் ஆணை வழங்குவார். காத்திருப்பு நீளும். அதற்காக இடைத்தரகரிடம் பணம் கொடுத்துக் குழந்தை பெறுவது குற்றம். 2019இல் இராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனையை நாம் மறக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை

திருமணத் தயாரிப்பு வகுப்பில் ஃபோலிக் அமிலத்தையும் ஆண்களுக்கான சோதனையையும் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். அன்பியக் கூட்டத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரை அழைக்கலாம். வளைகாப்பில் முதல் வளையலைக் குழந்தையில்லாச் சகோதரியின் கையால் அணிவிக்கச் சொல்லலாம். "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கோவில் வாசலில் கேட்பதை நிறுத்தலாம். செபிக்க வரும் பெண்ணிடம், "அடுத்த முறை உங்கள் வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள் அம்மா" என்று குருக்களாகிய நாங்கள் சொல்லலாம். இப்போது நாம் அப்படித்தான் சொல்கிறோம்.

அன்னாவின் கண்ணீரைக் கண்ட ஆண்டவர், நம் பங்கின் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் சகோதரியையும் காண்கிறார். அவரை நாமும் காண, நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.