மீமாறுநிலை நீர் வளிமமாக்கல்

மீமாறுநிலை நீர் வளிமமாக்கல் என்பது ஈரம் மிகுந்த கரிமக் கழிவுகளை உலர்த்தாமலேயே, உயர் வெப்பமும் உயர் அழுத்தமும் கொண்ட நீரில் சிதைத்து, ஐதரசன் (ஹைட்ரஜன்) செறிந்த வளிமக் கலவையைப் பெறும் வெப்பவேதியியல் முறையாகும். காய்கறிக் கழிவு, கழிவுநீர்க் கசடு, சாணம், பாசி ஆகியன இதற்கு ஏற்ற மூலப்பொருட்களாகும்.

மீமாறுநிலை நீர்

அழுத்தம் கூடக் கூட நீரின் கொதிநிலையும் உயர்கிறது. 374 பாகை செல்சியசு வெப்பநிலையிலும் ஏறத்தாழ 218 வளிமண்டல அழுத்தத்திலும் நீர்மத்துக்கும் ஆவிக்கும் இடையேயான வேறுபாடு மறைந்துவிடுகிறது. இது நீரின் மாறுநிலைப் புள்ளி ஆகும். இவ்விரு அளவுகளையும் கடந்த நீர் மீமாறுநிலை நீர் எனப்படுகிறது. சாதாரண நீர் உப்பைக் கரைக்கும், எண்ணெயைக் கரைக்காது. மீமாறுநிலை நீரோ கரிமப் பொருட்களையும் வளிமங்களையும் தன்னுள் கலந்துகொண்டு, உப்புகளைப் படியச் செய்கிறது.

வினை

நீர் இங்கு ஊடகமாக மட்டுமன்றி வினைபடு பொருளாகவும் உள்ளது. ஒரு குளுக்கோசு மூலக்கூறு ஆறு நீர் மூலக்கூறுகளுடன் முழுமையாக வினைபுரிந்தால் 12 ஐதரசன் மூலக்கூறுகளும் 6 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளும் உண்டாகும். இவ்வாறு கிடைக்கும் ஐதரசனில் பாதி நீரிலிருந்தே வருகிறது. நடைமுறையில் மீத்தேன், கார்பன் மோனாக்சைடு ஆகியவையும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஏறத்தாழ 600 பாகைக்கு மேல் ஐதரசனும், அதைவிடக் குறைந்த வெப்பநிலையில் மீத்தேனும் மிகுதியாக உருவாகும். நிக்கல், ருத்தேனியம், கிளர்வுற்ற கரி போன்றவை வினையூக்கிகளாகப் பயன்படுகின்றன.

வரலாறு

அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் மைக்கேல் மோடல் 1970களில் இத்துறையின் தொடக்க ஆய்வுகளை மேற்கொண்டார். 1990களில் அவாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் அன்டல் குழுவினர் கரி வினையூக்கிகளை ஆராய்ந்தனர். செருமனியின் கார்ல்சுரூகே ஆய்வு மையத்தில் மணிக்கு 100 கிலோகிராம் கழிவுக் கலவையைக் கையாளும் 'வெரீனா' என்னும் முன்னோடி நிலையம் 2003ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது.

சென்னையும் ஈரக் கழிவும்

வடபழனிக்கு அருகிலுள்ள கோயம்பேட்டில் 1996ஆம் ஆண்டு மொத்த விற்பனைச் சந்தை திறக்கப்பட்டது. அங்கு சேரும் காய்கறிக் கழிவின் எடையில் பெரும்பகுதி நீரே ஆகும். எனவே அது எரிப்பதற்கு ஏற்றதன்று. 2005ஆம் ஆண்டு, நாளொன்றுக்கு 30 டன் கழிவைச் செரித்து மின்சாரம் தயாரிக்கும் உயிர்வளிம நிலையம் அங்கு அமைக்கப்பட்டது. வடபழனியை அடுத்த நெசப்பாக்கத்தில் கழிவுநீர்க் கசடிலிருந்து உயிர்வளிமம் எடுக்கும் முறை கையாளப்பட்டது. இம்முறையில் நுண்ணுயிரிகள் வாரக்கணக்கில் செயற்பட்டு மீத்தேனைத் தருகின்றன. மீமாறுநிலை நீரில் அதே வகைக் கழிவு சில நிமிடங்களில் சிதைந்துவிடும்.

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம், ஒரு கிலோகிராம் உயிர்த்திரளிலிருந்து 100 கிராம் ஐதரசன் பெறும் முறையை 2022இல் அறிவித்தது. ஆக்சிசனையும் நீராவியையும் பயன்படுத்தும் அம்முறை உலர்ந்த உயிர்த்திரளுக்கு உரியது.

இடர்ப்பாடுகள்

பத்து விழுக்காடு திண்மம் உள்ள கழிவை 600 பாகைக்குச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், அக்கழிவிலுள்ள ஆற்றலைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகவே வெளியேறும் சூடான நீரின் வெப்பத்தை உள்ளே வரும் கழிவுக்கு மாற்றும் வெப்பப் பரிமாற்றிதான் இம்முறையின் வெற்றியை முடிவு செய்கிறது. படியும் உப்புகள் குழாய்களை அடைக்கின்றன. உலோகம் அரிப்புக்குள்ளாவதால் விலை உயர்ந்த நிக்கல் கலப்புலோகங்கள் தேவைப்படுகின்றன. கழிவில் மணலோ நெகிழியோ கலந்திருந்தால் உயர் அழுத்த எக்கி பழுதடையும். ஆதலால் கழிவைத் தோன்றும் இடத்திலேயே தரம் பிரிப்பது உயிர்வளிம முறையைப் போலவே இதற்கும் இன்றியமையாதது.

இந்திய அரசின் கொள்கை

2023ஆம் ஆண்டு சனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஐதரசன் இயக்கம், 2030ஆம் ஆண்டுக்குள் ஆண்டொன்றுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தித் திறனை இலக்காகக் கொண்டுள்ளது. அதே ஆண்டு ஆகத்து மாதம் வெளியான வரையறையின்படி, உயிர்த்திரளிலிருந்து பெறப்படும் ஐதரசனும் பசுமை ஐதரசனாகும். ஆனால் ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு வெளியாகும் பசுங்குடில் வளிமங்கள் 2 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான அளவைத் தாண்டக்கூடாது.