ஒக்டோபர் 30

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30, திங்கட்கிழமை. மொன்றியலில் வாக்குச்சாவடிகள் திறந்தபோது யாழ்ப்பாணத்தில் இரவாகிவிட்டிருந்தது. இங்கே கியூபெக் மக்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: கனடாவோடு இருப்பதா, தனி நாடாவதா? அங்கே வலிகாமத்துச் சனங்களிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை ஒலிபெருக்கிகள் ஊர் ஊராக அறிவித்தன, உடனே வெளியேறு என்று. நாலைந்து இலட்சம் பேர் மழையில், இருட்டில், நாவற்குழிப் பக்கம் நகர்ந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லாத காலம். விபரம் எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது.

அந்த மாதம் முழுவதும் மொன்றியல் தமிழர் வீடுகளில் ஒரே வாதம். ஊரிலே பிரிவினை கேட்கிற நாங்கள் இங்கே வந்து ‘வேண்டாம்’ என்று புள்ளடி போடுவது என்ன நியாயம் என்பார் ஒருவர். அகதியாக ஏற்றது கனடா, அதை உடைக்கவா வந்தோம் என்பார் மற்றவர். வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்குத் தொடங்கினால் தேத்தண்ணீர் மூன்று முறை வரும். வாதத்துக்கு மருந்துண்டு, பிடிவாதத்துக்கு மருந்தில்லை என்று ஊரில் சொல்வார்கள். அந்த இரவுகளில் ஒருவர் சொல்லி மற்றவர் மனம் மாறியதாக எனக்கு ஞாபகமில்லை. எழும்பிப் போகும்போது இருவரும் முன்னையிலும் இறுகிப் போயிருப்பார்கள்.

இந்த நகரத்துப் பெரிய மனிதர்களுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பத்திரிகையாளர் ஜெரார் பெல்த்தியேயின் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவுகளில் சில நண்பர்கள் கூடுவார்கள். ரெனே லெவெக், பியர் ரூடோ, தொழிற்சங்கத்து ஜான் மார்ஷான், பத்திரிகாசிரியர் ஆந்திரே லோராந்தோ. லெவெக் அப்போது மாகாண அமைச்சர். தனியார் மின்சாரக் கம்பனிகளை அரசு எடுக்க வேண்டும் என்று நின்றார். ரூடோவுக்கு அதில் உடன்பாடில்லை. எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் போயின. லெவெக் ரூடோவை மாற்றவில்லை, ரூடோ லெவெக்கையும் மாற்றவில்லை. 1968இல் ஒருவர் கனடாவின் பிரதமரானார். மற்றவர் கனடாவிலிருந்து பிரிவதற்காகப் பார்ட்டி கியூபெக்குவா கட்சியைத் தொடங்கினார்.

இந்த நகரம் எப்போதும் இப்படிச் சாதுவாக இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. 1963இல் வெஸ்ற்மவுண்ட் தபாற்பெட்டிகளில் குண்டு வைத்தார்கள். 1970 ஒக்டோபரில் கியூபெக் விடுதலை முன்னணி பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் குறொஸைக் கடத்தியது. அமைச்சர் பியர் லப்போர்ட்டைக் கடத்திக் கொன்றது. ரூடோ போர்க்காலச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிடியாணை இல்லாமல் ஏறக்குறைய 500 பேர் பிடிபட்டார்கள். நமக்கு நன்கு பழகிய காட்சிதான். ஆனால் லெவெக் அந்தக் கொலையைக் கண்டித்தார். பிரிவினை கேட்டவரே கண்டித்தார் என்பதை நாம் ஒருமுறை நிதானித்து வாசிக்க வேண்டும். 1976இல் அவர் தேர்தலில் வென்று முதலமைச்சரானார். 1980இல் வாக்கெடுப்பு வைத்தார். சுமார் 60 வீதம் ‘வேண்டாம்’ என்றது. தோல்வியை ஏற்றார்.

1995இல் வித்தியாசம் மயிரிழை: 50.58 வீதம், 49.42 வீதம். ஏறத்தாழ 47 இலட்சம் வாக்குகளில் 54,288 தான் இடைவெளி. அன்றிரவு ஜாக் பரிசோ, பணமும் இனக்குழு வாக்குகளும்தான் தங்களைத் தோற்கடித்தன என்று மேடையில் சொன்னார். எங்களையும் சேர்த்துத்தான் சொன்னார், சுட்டது. ஆனால் அடுத்த நாளே பதவி விலகப் போவதாக அறிவித்ததும் அவர்தான். நான் வேலை செய்த உணவகத்துச் சமையலறையில் ‘ஆம்’ போட்ட சமையற்காரனும் ‘வேண்டாம்’ போட்ட சமையற்காரனும் செவ்வாய்க்கிழமை ஒரே மேசையில் வெங்காயம் வெட்டினார்கள். பேச்சு குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தத் திகதி நமக்கு இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது. 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றிய நாள். வடக்கு முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். கியூபெக்கைப் பற்றி விடிய விடிய வாதாடிய நாங்கள் இதைப் பற்றி ஒரு தேத்தண்ணீர் ஆறுகிற நேரம்கூடக் கதைத்ததில்லை. வாதம்கூட இல்லை. சொல்ல நினைத்தவர்கள் கதவைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டார்கள். 1994 மே முதலாம் திகதி பாரிஸில் சபாலிங்கத்தை அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொன்ற செய்தி எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த நவம்பரில், என்னோடு மிகக் கடுமையாக வாதாடியவர் ஒருநாள் கதவைத் தட்டினார். கியூபெக்கும் இல்லை, கனடாவும் இல்லை.

“உங்கட ஆக்கள் எங்கையாம்?” என்று கேட்டார்.

“சாவகச்சேரியில எண்டு கேள்விப்பட்டன். உங்கட அம்மா?”

“ஒண்டும் தெரியேல்லை.”

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இருந்தார்.