குற்றம் வீட்டுக்குள் நடந்தது: மறந்துபோன துப்பறியும் நாவல்கள் சில

தமிழ் நாவலின் தொடக்க காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மேலே நடந்துவிடுவார்கள். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1893இல் விவேக சிந்தாமணியில் தொடராக வரத் தொடங்கிய ‘கமலாம்பாள் சரித்திரம்’, 1898இல் ‘பத்மாவதி சரித்திரம்’. அடுத்த வரியில் மணிக்கொடி வந்துவிடும். அதற்கு இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகள் வெறும் பொட்டல் என்றே இளம் வாசகர் நினைத்துக்கொள்வார். ஆனால் தமிழர்கள் கூட்டங்கூட்டமாக நாவல் வாசிக்கப் பழகியது அந்தப் பொட்டலில்தான். அவர்கள் வாசித்தவற்றில் பெரும்பகுதி துப்பறியும் நாவல்கள். பெயர் மட்டும் கேள்விப்பட்டு எடுத்துப் பார்க்காமலே விட்டுவிடப்பட்ட அந்த நாவல்களில் சிலவற்றை இங்கே பரிந்துரைக்க விரும்புகிறோம்.

ஆ. இரா. வேங்கடாசலபதி தமது ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் (2002) இக்காலத்து வாசகர்களையும் பதிப்பு முயற்சிகளையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆராய்ச்சிக்கு உரிய பொருள் என்பது வேறு. விளக்கை அணைக்க மனமில்லாமல் படிக்கிற புத்தகம் என்பது வேறு. எங்கள் அக்கறை இரண்டாவதைப் பற்றியது.

இவற்றின் மீதுள்ள பழைய குற்றச்சாட்டு ஒன்றுதான்: எல்லாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்தவை, ரெயினால்ட்ஸின் எச்சில். ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ் (1814-1879) இன்று இங்கிலாந்திலேயே அதிகம் வாசிக்கப்படாதவர். இந்தியாவிலோ அவருக்கு இருந்த செல்வாக்கு வியப்பூட்டுவது. வங்கத்திலும் உருதுவிலும் தமிழிலும் அவரைத் தழுவாத மர்மக் கதாசிரியர் அரிது. புதுமைப்பித்தன் தழுவல் என்ற வேலையையே ஏளனம் செய்தார். மொழிபெயர்த்தால் மொழிபெயர்ப்பு என்று சொல், இல்லையேல் சொந்தமாக எழுது என்பது அவர் கட்சி. இலக்கிய நேர்மை என்ற அளவில் அதை மறுக்க முடியாது. ஆயினும் அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்ட பின்வந்தோர் நாவல்களைத் திறந்து பார்க்காமலே முத்திரை குத்திவிட்டனர் என்பதும் உண்மை.

திறந்து பார்த்தால் தெரிவது இது. இந்த நாவல்களில் துப்பறிகிறவர் இரவல், மாறுவேடம் இரவல், சுரங்க அறை இரவல். குற்றம் மட்டும் நம்முடையது. ஷெர்லாக் ஹோம்ஸின் கதைகளில் வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரு பழைய பகை லண்டனுக்கு வந்து சேர்வது வழக்கம். தமிழ் நாவலில் குற்றவாளி வெளியிலிருந்து வருவதில்லை. அவர் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உறவினர். அல்லது அடுக்களையில் இருக்கும் நாத்தி.

இதற்கு முதன்மையான சான்று வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’. மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரில் 1880இல் பிறந்து 1942இல் மறைந்த இவர் எழுதிய நாவல்களில் ஒன்றை மட்டும் படிக்க நேரமுள்ளவர் இதையே படிக்கலாம். தஞ்சையில் டிப்டி கலெக்டராக இருக்கும் சாம்பசிவ ஐயங்காரின் மகள் மேனகா. கணவன் வராகசாமி சென்னையில் வக்கீல். கணவனின் விதவைத் தமக்கைகளான பெருந்தேவியும் கோமளமும் உறவினன் சாமாவையரும் கூடிப் பேசி அவளை நைனா முகம்மது என்ற செல்வனுக்கு விற்றுவிடுகிறார்கள். அவள் ஓடிப்போய்விட்டாள் என்று கணவனை நம்பவைப்பதும் அவர்கள்தான்.

வாசிக்கையில் நம்மை உறையவைப்பது விற்பனை நடக்கும் இடம் அன்று. அதற்கு முன்னால், எந்தச் சட்டப்புத்தகத்திலும் குற்றமாக எழுதப்படாத பேச்சுகள் நடக்கும் பகுதி. சீர் போதவில்லை என்பது, சாப்பிட்ட இலையைக் குறைசொல்வது, கணவன் காதில் ஓதுவது, பிறகு மருமகளைக் கண்டு தேன்போலப் பேசுவது. அந்த ஐயங்கார் வீட்டுப் பேச்சை வடுவூரார் எழுதியிருக்கும் விதத்தில் கடன் வாங்கியது எதுவும் இல்லை. இப்படிப்பட்ட பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டு, கடத்தல்வரை போகும் என்று பதில் சொல்கிறது கதை. மிகைதான். ஆனால் காரணமில்லாத மிகை அன்று.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெண்ணின் அழகை வருணிக்கத் தொடங்கினால் ஆசிரியருக்கு நிறுத்தத் தெரியாது. (இரண்டு பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படித்தால் கதைக்கு ஒரு நட்டமும் இல்லை.) காமுகனை முஸ்லிமாகவே படைத்ததில் அக்காலத்து மனச்சாய்வு அப்பட்டமாகத் தெரிகிறது, இன்றைய வாசகர் அங்கே நெளியாமல் இருக்க முடியாது, நெளியத்தான் வேண்டும். ஆனால் அதே வீட்டில் மேனகாவைக் காப்பாற்றுகிறவள் அவனுடைய மனைவி நூர்ஜஹான். கதையிலேயே நிமிர்ந்து நிற்கும் பாத்திரம் அவள்தான். பழமைவாதியான ஆசிரியரின் கையை மீறி எழுந்துவிட்ட பாத்திரம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. மேனகாவின் சொந்தங்கள் அவளை விற்க, முன்பின் அறியாத ஒருத்தி அவளை மீட்கிறாள்.

டி.கே.எஸ். சகோதரர்கள் இதை நாடகமாக நடத்தினார்கள். 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. புராணக் கதைகளே திரையை ஆண்ட காலத்தில் துணிந்து எடுக்கப்பட்ட முதல் சமூகப் படங்களில் அதுவும் ஒன்று, என். எஸ். கிருஷ்ணன் நடித்தது. படத்தை நினைவில் வைத்திருப்பவர்கள்கூட நாவலை மறந்துவிட்டார்கள். வடுவூராரின் ‘கும்பகோணம் வக்கீல்’ நாவலுக்கும் அதே கதிதான். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைத் ‘திகம்பர சாமியார்’ ஆக்கியது, எம். என். நம்பியார் வேடம் மாற்றி வேடம் மாற்றி நடித்தது பலருக்கு நினைவிருக்கும். துப்பறிகிறவர் ஒரு சாமியார் என்பதைக் கவனிக்க வேண்டும். போலீஸ்காரரை நம்பி வீட்டுக் கதவைத் திறக்காத ஊரில் எந்தக் கதவும் திறக்கும் ஒரே உடை காவி என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது.

வடுவூராருக்கு முன்பே வெற்றி கண்டவர் ஜே. ஆர். ரங்கராஜு. அவருடைய ‘ராஜாம்பாள்’ 1908இல் வந்தது. ராஜாம்பாள் கொலையுண்டாள் என்று, அவளை மணக்க இருந்த கோபாலன் மீதே பழி விழுகிறது. துப்பறியும் கோவிந்தன் முடிச்சை அவிழ்க்கிறார். கிழவர்கள் சிறுமிகளை மணக்கும் வழக்கத்தின் மீது இந்நாவல் காட்டும் கோபம், சாரதா சட்டம் நிறைவேறிய 1929க்கு இருபது ஆண்டுகள் முந்தியது. அவருடைய ‘சந்திரகாந்தா’ இன்னும் துணிச்சலானது. மடாதிபதி ஒருவரின் அந்தரங்கத்தைச் சந்திக்கு இழுக்கிறது. (1888இல் வெளியான தேவகிநந்தன் கத்ரியின் இந்தி ‘சந்திரகாந்தா’வுக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு உறவில்லை. அந்த இந்தி நாவல் 1994இல் தொலைக்காட்சித் தொடராகி மறுபிறவி எடுத்தது. நம்முடையதற்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.) நடையில் ரங்கராஜு வடுவூராரை விடச் சிக்கனமானவர், நீதிமன்றக் காட்சிகளில் அவருக்கு நிகரில்லை என்பது எங்களில் சிலரின் கட்சி. மற்றவர்களுக்கு அவர் சற்று வறட்சி.

ஆரணி குப்புசாமி முதலியாரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனந்தபோதினியின் ஆசிரியராக இருந்து, 1925இல் மறையும்வரை நாவல்களைக் குவித்தவர். தழுவல் என்ற குற்றச்சாட்டு மிகுதியாகப் பொருந்துவது இவருக்கே. ஆனாலும் ‘மஞ்சளறையின் மர்மம்’ படிக்கத்தக்கது. பிரெஞ்சு எழுத்தாளர் காஸ்தோன் லெரூ 1907இல் எழுதிய, உள்ளே தாழிட்ட அறையில் நடக்கும் குற்றத்தின் கதை அது. சில ஆண்டுகளுக்குள் பாரிஸின் புதிய புதிர் தமிழுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் மேனகாவுக்குப் பின் இதைப் படித்தால் வேறுபாடு விளங்கும். இது மூளைக்குத் தீனி. இரவில் தூக்கம் கெடாது.

இன்னும் பின்னால் போக விரும்புவோருக்கு ச. ம. நடேச சாஸ்திரி இருக்கிறார். தொல்லியல் துறையில் பணியாற்றியவர், நாட்டார் கதைகளைத் திரட்டியவர். 1894இல் தானவன் என்ற போலீஸ் நிபுணனின் கதைகளை எழுதினார். கமலாம்பாள் தொடராக வெளிவந்துகொண்டிருந்த அதே காலம் அது. கமலாம்பாளுக்கே ராஜமய்யர் முதலில் இட்ட தலைப்பு ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்பதை நினைத்துப் பார்த்தால், இலக்கிய நாவலும் மர்ம நாவலும் அன்று ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தன என்று புரியும்.

ஆங்கிலத்தில் 2008இல் பிளாஃப்ட் வெளியிட்ட தமிழ் வெகுஜனக் கதைத் தொகுப்புகூட 1960களுக்குப் பின்னுள்ளவற்றையே எடுத்துக்கொண்டது. முன்னோர்கள் அதிலும் விடுபட்டுப்போனார்கள். முதல் பதிப்புகள் மட்டமான தாளில் அச்சிடப்பட்டவை. தொட்டால் ஓரம் உதிரும். வடுவூராரின் நாவல்கள் பல நாட்டுடைமையாகித் தமிழ் விக்கிமூலத்தில் கிடைக்கின்றன என்பது ஆறுதல். ‘கும்பகோணம் வக்கீல்’ அங்கிருக்கிறது. ‘பூர்ணசந்திரோதயம்’ ஐந்து பாகங்களும் உண்டு. ஆனால் அதில் தொடங்க வேண்டாம், மூன்றாம் பாகத்துக்குள் ஆசிரியர் மீது கோபம் வந்துவிடும். மேனகாவில் தொடங்குங்கள். முதல் ஐம்பது பக்கம் பொறுமை வேண்டும். பெருந்தேவி வாய்திறந்த பிறகு புத்தகம் தானே ஓடும்.