புகுஷிமா அணுமின் நிலைய வெடிப்புகள்: காரணம் பற்றிய விவாதம்

ஜப்பானின் புகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தில் 2011 மார்ச் 12, 14, 15 ஆகிய நாள்களில் முறையே 1, 3, 4ஆம் உலைக் கட்டடங்கள் வெடித்தன. மார்ச் 11 நிலநடுக்கத்தில் வெளி மின்சாரமும், தொடர்ந்து வந்த ஆழிப்பேரலையில் டீசல் ஜெனரேட்டர்களும் போயின. இயங்கிக்கொண்டிருந்த 1, 2, 3ஆம் உலைகளில் குளிர்விப்பு ஒவ்வொன்றாக நின்றது. எரிபொருள் கோல்களின் சிர்க்கோனிய உறை கடுஞ்சூட்டில் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிட்டது. கட்டடத்துக்குள் கசிந்து சேர்ந்த அந்த வாயுவே வெடித்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். 1ஆம் உலை வெடிப்பில் இதுபற்றிப் பெரிய சர்ச்சை இல்லை.

குழப்பியது 4ஆம் உலைதான். பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்த அதன் உலைக்கலனில் எரிபொருளே கிடையாது. எல்லாம் மேல்தளத்தில் எரிபொருளைச் சேமித்துவைக்கும் நீர்க்குளத்தில் இருந்தது. அப்படியானால் குளம் வற்றி, அங்கிருந்து ஹைட்ரஜன் வந்திருக்க வேண்டும் என்று பலரும் எண்ணினர். அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் அன்றைய தலைவர் கிரெகரி யாஸ்கோ, குளத்தில் தண்ணீர் இல்லை என்று மார்ச் 16 அன்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னார். தண்ணீர் இருந்தது. பின்னர் எடுத்த நீரடிப் படங்களில் எரிபொருள் கட்டுகள் பெரும்பாலும் சேதமின்றித் தெரிந்தன.

விடை வடிகட்டிகளில் கிடைத்தது. 3, 4ஆம் உலைகளுக்குப் புகைபோக்கி ஒன்றே. 4ஆம் உலையின் வாயு வடிகட்டிகளை அளந்தபோது, புகைபோக்கிப் பக்கத்தில் கதிரியக்கம் மிகுந்தும் உள்ளே செல்லச் செல்லக் குறைந்தும் இருந்தது. வெளியேற வேண்டிய காற்று தலைகீழாக உள்ளே வந்திருக்கிறது; 3ஆம் உலையின் ஹைட்ரஜனும் அந்த வழியாகவே வந்தது.

4ஆம் உலை வெடித்த அதே காலையில் 2ஆம் உலையும் வெடித்ததாக அறிவிக்கப்பட்டது. நிலஅதிர்வுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, அன்று வெடித்தது 4ஆம் உலை மட்டுமே என்று தெரிந்தது. 1ஆம் உலை வெடித்த அதிர்ச்சியில் 2ஆம் உலைக் கட்டடத்தின் சுவர்ப்பலகை ஒன்று பெயர்ந்திருந்ததால், அங்கே ஹைட்ரஜன் வெளியேற வழி கிடைத்தது. தற்செயலான நன்மை!

3ஆம் உலையின் வெடிப்பு வேறுவகை: தீப்பிழம்பு, செங்குத்தாக எழுந்த கரும்புகை. அதன் எரிபொருள் குளத்தில் அணுப்பிளவுத் தொடர்வினை மூண்டிருக்கலாம் என்று அமெரிக்கப் பொறியாளர் ஆர்னி கண்டர்சன் வாதிட்டார். அப்படி நடந்திருந்தால் எரிபொருள் சிதறியிருக்க வேண்டும்; ஆனால் அக்குளத்தின் 566 எரிபொருள் கட்டுகளும் 2021 பிப்ரவரிக்குள் வெளியே எடுக்கப்பட்டுவிட்டதால், அந்த வாதம் நிற்கவில்லை. கரும்புகைக்கு ஹைட்ரஜன் மட்டும் போதாது என்பது மெய்தான். கேபிள் உறை போன்றவை சூடேறி வெளிவிட்ட கரிம வாயுக்களும் சேர்ந்து எரிந்திருக்கலாம், வெடிப்பும் பல கட்டங்களாக நிகழ்ந்திருக்கலாம் என்று ஜப்பானிய அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 இடைக்கால அறிக்கை கூறுகிறது.