நூர்பர்க்ரிங்: பாதுகாக்க முடியாத நீளம்

கார் பந்தயம் பார்ப்பவர்களுக்கு "பச்சை நரகம்" என்ற பெயர் தெரிந்திருக்கும். ஜெர்மனியில் ஐஃபெல் மலைக்காட்டுக்குள் இருக்கும் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதைக்கு ஜாக்கி ஸ்டூவர்ட் வைத்த பெயர் அது. 1968-ல் மழையிலும் மூடுபனியிலும் நான்கு நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் அங்கே ஜெயித்தவரும் அவர்தான். ஜெயித்தவரே நரகம் என்கிறார் என்றால் பாருங்கள்!

வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த பகுதி அது. மக்களுக்கு வேலை கொடுக்கவும் என்றுதான் 1925-ல் கட்டுமானம் ஆரம்பித்தது. 1927-ல் திறந்தார்கள். இதன் வடக்கு வளையம் மட்டும் அப்போது சுமார் 22.8 கிலோமீட்டர், எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள். இன்றைய ஃபார்முலா ஒன் பாதைகள் பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டர்தான்.

1958-ல் பீட்டர் காலின்ஸ், 1969-ல் கெர்ஹார்ட் மிட்டர் என்று பலர் இங்கே இறந்தார்கள். 1970-ல் ஓட்டுநர்கள் இங்கே ஓட மறுத்துவிட, ஜெர்மன் கிராண்ட் பிரீ ஹாக்கன்ஹைமுக்குப் போனது. அதன் பிறகு மேடுகளைச் சமப்படுத்தி, ஓரத்து மரங்களை வெட்டி, இரும்புத் தடுப்புகள் போட்டார்கள். 1971-ல் பந்தயம் திரும்பி வந்தது.

ஆனால் நீளத்தை என்ன செய்வது? ஐந்து கிலோமீட்டருக்குப் போதுமான தீயணைப்பு வண்டிகளும் மருத்துவர்களும் 22.8 கிலோமீட்டருக்கு எப்படிப் போதும்? நான்கு மடங்கு ஆட்கள், நான்கு மடங்கு செலவு. நிக்கி லாடா சொன்னதும் இதைத்தான். 1976-ல் இங்கே ஓட வேண்டாம் என்றார். சக ஓட்டுநர்களின் வாக்கெடுப்பில் தோற்றார்.

அந்த ஆகஸ்ட் 1-ம் தேதி, இரண்டாவது சுற்றில் லாடாவின் ஃபெராரி மோதித் தீப்பிடித்தது. எரியும் காரிலிருந்து அவரை இழுத்தெடுத்தவர்கள் பின்னால் வந்த ஓட்டுநர்கள்: மெர்சாரியோ, லங்கர், எட்வர்ட்ஸ், எர்ட்ல். அதாவது உதவிக்கு முதலில் நின்றது போட்டியாளர்கள்தான். லாடா பிழைத்து, ஆறே வாரத்தில் மோன்சாவில் நான்காவதாக வந்தார்.

அதற்குப் பிறகு வடக்கு வளையத்தில் ஃபார்முலா ஒன் நடக்கவே இல்லை. 1984-ல் பக்கத்திலேயே சுமார் 4.5 கிலோமீட்டரில் புதுப் பாதை திறந்தார்கள். பழைய பாதையில் 24 மணி நேரப் பந்தயம் நடக்கிறது. கட்டணம் கட்டிப் பொதுமக்களும் ஓட்டுகிறார்கள்.

தடுப்பும் வேலியும் மட்டும் பாதுகாப்பு இல்லை. அடிபட்டவரிடம் எத்தனை நொடியில் ஆள் போய்ச் சேர முடியும் என்பதும் பாதுகாப்புதான்.