படங்களைச் சுமந்தவர்கள்

ஜூன் மாதம் நெருங்கினால் இங்கே டொராண்டோவில் நம்மவர்கள் வீட்டுப் பேச்செல்லாம் ஒன்றுதான். டிக்கெட் போட்டாச்சா, எத்தனை கிலோ பெட்டி, யாருக்கு என்ன வாங்குவது. நான் வங்கிக்காரன் என்பதால் "டாலரை எப்ப மாத்தலாம்?" என்ற கேள்வி என்னிடம் வரும். கேமராவும் கையுமாகச் சுற்றுபவன் என்று பெயரெடுத்துவிட்டதால் இன்னொரு கேள்வியும் கூடவே வரும்: "ஊர்ல எடுக்கற போட்டோவெல்லாம் எதுல போட்டு பத்திரமா கொண்டு வர்றது?"

பதிலை நாலு வரியில் சொல்லிவிடலாம். (அவசரக்காரர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்!) ஆனால் இதே கேள்வியை 160 வருஷத்துக்கு முன்பே ஒருவர் நம்ம ஊரில் மாட்டு வண்டியில் போய்க்கொண்டே கேட்டிருக்கிறார். பி.காம். படித்தவனுக்கு வரலாறு எதற்கு என்கிறீர்களா? இந்தக் கதை முழுக்கச் சுமை, செலவு, நஷ்டம்தான். அதனால் எனக்குப் பிடித்துப் போயிற்று.

மெழுகுத் தாளும் மாட்டு வண்டியும்

அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு போய்ப் படம் எடுத்தார். 1856-இல் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக நியமனம் ஆனார். 1857 டிசம்பரில் கிளம்பி அடுத்த சில மாதங்களில் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை என்று சுற்றினார். கேமராவும் ரசாயனங்களும் மாட்டு வண்டியில்.

அந்தக் காலத்தில் படத்தைப் பிடித்து வைக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 1851-இல் வந்த ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கூடாரத்தையே இருட்டறையாக்கிக்கொண்டு கூடவே கொண்டுபோக வேண்டும். கண்ணாடி உடையும், கனக்கும்.

இன்னொன்று மெழுகு பூசிய தாள். கண்ணாடி அளவுக்குத் துல்லியம் வராது. ஆனால் முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், படம் எடுத்த பிறகு சில நாள் கழித்தும் கழுவலாம். லேசானது, அடுக்கி எடுத்துப் போகலாம், உடையாது. ட்ரைப் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்தினார். ஒவ்வொரு தாளும் சுமார் 12க்கு 15 அங்குலம். இன்றைய பாஷையில் சொன்னால், ரெசொல்யூஷனைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஸ்டோரேஜை வாங்கிக்கொண்டார்!

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இதைப் படித்தபோது எனக்கு ஒரு தனி சந்தோஷம். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் அவன் வெற்றிகளில் ஒன்றாகக் காந்தளூர்ச் சாலை வரும். திருவனந்தபுரத்தில் நான் வளர்ந்த வலியசாலையில் உள்ள சிவன் கோயில் காந்தளூர் மகாதேவர் கோயில்தான். அந்தச் சாலை எங்கள் வலியசாலைதான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு, இல்லை என்பவர்களும் உண்டு. எங்கள் தெருவில் இரண்டாம் கட்சிக்கு ஆள் கிடையாது.

1859-இல் சென்னைக்குப் புது கவர்னராக வந்த சார்ல்ஸ் ட்ரெவெல்யன் கணக்கைப் பார்த்தார். புகைப்படம் எடுப்பது ஆடம்பரச் செலவு என்று முடிவு கட்டி அந்த வேலையை நிறுத்திவிட்டார். ட்ரைப்பின் தொழில் அதோடு சரி. ஆனால் 1858-லேயே அவர் படங்கள் பல பிரதிகளாக அச்சாகி, தொகுப்புகளாக வெளியாகிப் பல கைகளுக்குப் போய்விட்டன. இன்று நாம் அவற்றைப் பார்க்க முடிவது அதனால்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அவருக்குச் சில வருஷம் கழித்து வந்த சாமுவேல் போர்ன் கண்ணாடித் தகட்டுக்காரர். 1863-இல் சிம்லாவிலிருந்து இமயமலைக்குள் கிளம்பியபோது சாமான் தூக்க மட்டும் சுமார் 30 கூலிகள். நாம் இன்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகும் வேலைக்கு, 30 பேர் முதுகு.

திவானும் வைஸ்ராயும் பார்த்த படங்கள்

எங்கள் ஊருக்கும் ஒரு பெரியவர் உண்டு. சக்கரியாஸ் டிக்ரூஸ், திருவிதாங்கூர் அரசுப் புகைப்படக்காரர். அரண்மனை, கோயில், நீர்வழி, மலைத் தோட்டம், மக்கள் என்று அந்த ராஜ்ஜியத்தையே படமாக்கி வைத்தார். அவர் காலத்தில் உலர் தகடு வந்துவிட்டது. 1871-இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் ஜெலட்டினைக் கொண்டு இதற்கு வழி கண்டுபிடித்தார். ஈரத்தோடு ஓட வேண்டியதில்லை. எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நிதானமாகக் கழுவலாம்.

1900-இல் வைஸ்ராய் கர்சன் திருவிதாங்கூர் வந்த சமயத்து டிக்ரூஸ் படங்களின் ஆல்பம் ஒன்று கர்சன் சேகரிப்பில் சேர்ந்து, இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நூறு வருஷம் முந்திய திருவனந்தபுரம் எப்படி இருந்தது என்று பார்க்க, நாம் கடல் கடந்து கிடக்கும் ஒரு பிரதியை நம்ப வேண்டியிருக்கிறது. வெளியே போன பிரதிதான் பிழைத்தது.

இதற்கு நடுவே 1888-இல் ஈஸ்ட்மன் ஒரு புது வழி சொன்னார். அவருடைய கொடாக் கேமராவில் 100 படத்துக்கான சுருள் உள்ளேயே இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். 25 டாலர் விலை, கழுவி மறுபடி சுருள் போட்டுத் தர 10 டாலர். படத்தைக் காப்பது உன் வேலையல்ல, அனுப்பிவிடு என்பதுதான் அந்த வியாபாரம். இன்றைக்கு 'க்ளவுட்' என்று மாதச் சந்தா கட்டுகிறோமே, அதன் தாத்தா இதுதான்.

கோட்டையூர்க்காரர் சேர்த்த 50,000 அடி

இந்த விஷயத்தில் நம்மவர்களில் முதலில் நிற்க வேண்டியவர் ஏ.கே. செட்டியார். செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். பயண எழுத்தாளர், 'குமரிமலர்' ஆசிரியர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தி பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கலாமே என்று தோன்றியது. பிறகு உலகம் முழுக்க சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றி, ஏறக்குறைய நூறு கேமராக்காரர்கள் பல ஆண்டுகளில் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிப் பிடித்து, 50,000 அடி சேர்த்தார். அக்காலத்து 35 எம்எம் சுருள் நைட்ரேட்டில் செய்தது. தீப்பிடித்தால் அணைப்பது கஷ்டம். அப்படிப்பட்ட சரக்கை வைத்துக்கொண்டுதான் இந்த வேலை, அதுவும் உலகப்போர் வெடிக்கும் நேரத்தில்.

12,000 அடியில் படம் முடிந்து 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னையில் வெளியாயிற்று. ஆனால் அந்த முழுத் தமிழ்ப் படம் இன்று நம்மிடம் இல்லை. கிடைத்திருப்பது பின்னாளில் சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம். அதுவும் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிரதி இருந்ததால் கிடைத்தது. ஒரு லட்சம் மைல் அலைந்து சேர்த்தவரிடம் குறையே சொல்ல முடியாது. சுமப்பது ஒரு வேலை, வைத்துக் காப்பது இன்னொரு வேலை. இரண்டாவதை ஒரு தனி மனிதர் தலையில் நாம் விட்டுவிட்டோம்.

பெட்டிகளின் காலம்

சரி, டிஜிட்டலுக்கு வருவோம். 1975-இல் கொடாக்கில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் எழுத 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1991-இல் கொடாக் விற்ற டிசிஎஸ் கேமராவுக்குத் தோளில் மாட்டிக்கொள்ள 200 எம்பி டிஸ்க் பெட்டி ஒன்று தனியாக உண்டு. ட்ரைப்பின் மாட்டு வண்டி தோளுக்கு வந்துவிட்டது!

1994-இல் சான்டிஸ்க் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைக் கொண்டுவந்தது. 1999-இல் ஐபிஎம் அதே அளவில் சுழலும் ஹார்ட் டிஸ்க்கையே வைத்து 'மைக்ரோடிரைவ்' செய்தது. முதலில் 170, 340 எம்பி. மறுவருஷம் 1 ஜிபி. ஆனாலும் பயணம் போகிறவர்களுக்குக் கார்டு போதவில்லை, விலையும் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் 2000-த்தின் முதல் பத்து வருஷங்களில் ஒரு புது ஜாதிப் பெட்டி வந்தது. கார்டை ஒரு பக்கம் செருகினால் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்குப் படங்கள் மாறும், கம்ப்யூட்டர் வேண்டாம். 2004-இல் வந்த எப்சன் பி-2000-இல் 40 ஜிபியும் 3.8 அங்குலத் திரையும் இருந்தன. ஐபாடிலேயே படத்தை ஏற்றும் இணைப்புகளும் வந்தன. அதுவும் இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டரில் சிடி எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

என் சித்தப்பா அப்போது மஸ்கட்டில். 2005 அக்டோபரில் நவராத்திரிக்கும் தாத்தாவின் சதாபிஷேகத்துக்குமாகச் சேர்த்து ஊருக்கு வந்தார். 512 எம்பி கார்டு இரண்டு, ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டி (கம்பெனி பெயர் வேண்டாமே). பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக வந்து சேர்ந்தது, எங்களுக்கு அடுத்த ஆரியசாலையில் குமாரசாமி கொலுவிருந்தது, தாத்தாவுக்குக் கலசாபிஷேகம், ஓட்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் எங்கள் தெரு... எல்லாம் எடுத்தார். தினம் ராத்திரி பெட்டிக்கு மாற்றிவிட்டுக் கார்டை அழித்துவிடுவார். "எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள இருக்குடா" என்று தட்டிக் காட்டுவார்.

மஸ்கட் போய்ச் சேர்ந்து பெட்டியைப் போட்டால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும். ஆயிரத்து நானூறு படம் போச்சு. மூன்றாம் நாள் பாட்டி பிடிவாதம் பிடித்ததால் சாலைக் கடைத்தெரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்த 24 படங்கள்தான் மிச்சம். அதில் இரண்டு, தெருவின் படம். தாத்தா போய், வீடும் கை மாறி இடிபட்ட பிறகு, அந்தத் திண்ணை இருப்பது அந்த இரண்டு படத்தில்தான். உறவுக்காரர்கள் எல்லோரும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம்.

பெட்டி ஏன் அப்படிச் செய்தது? ஹார்ட் டிஸ்க்கில் தட்டு வேகமாகச் சுழலும். அதன் மேல் முடியை விட எத்தனையோ மடங்கு மெல்லிய காற்றிடைவெளியில் ஒரு முனை மிதந்து படிக்கும். இயங்கும்போது ஒரு அடி பட்டால் முனை தட்டில் மோதும். மலையில் காற்று மெலிந்தாலும் ஆபத்து. சாதாரண டிஸ்க்குகளுக்குச் சுமார் 10,000 அடி உயரம்தான் எல்லை. லே ஊரே அதற்கு மேலே! ஃபிளாஷ் கார்டில் அசையும் பாகம் இல்லை, மின்னேற்றமாகத் தகவல் நிற்கிறது. அடி தாங்கும். ஆனால் பல வருஷம் சும்மா போட்டு வைத்தால், அதுவும் சூட்டில், அந்த மின்னேற்றம் மெல்லக் கசியும். எழுதும் சிடியின் சாயமும் வெயிலுக்கு ஆகாது.

ஆனால் என் கட்சி, குற்றம் பெட்டி மேல் மட்டும் இல்லை என்பது. வங்கியில் ஒரு கணக்கிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டால் அது டிரான்ஸ்ஃபர். பணம் ஒரு இடத்தில்தான் இருக்கும். படம் அப்படியில்லை. இங்கும் இருக்கலாம், அங்கும் இருக்கலாம், இரண்டும் அசல். ட்ரைப்புக்கும் டிக்ரூஸுக்கும் கிடைக்காத வரம் இது. அந்த வரத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டிகள் நமக்கு டிரான்ஸ்ஃபர் செய்யவே பழக்கின. கார்டு விலை அப்படி.

இப்போது என்ன செய்வது

இன்று கார்டு மலிவு. ஊருக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

கார்டை அழிக்காதீர்கள். பெரிய ஒன்றுக்குப் பதில் நடுத்தர அளவில் நாலைந்து வாங்கி, நிறைந்ததை எடுத்து வையுங்கள். பயணம் முடிந்து வீட்டில் சரிபார்க்கும் வரை அதுதான் முதல் பிரதி.

இரண்டாவது பிரதிக்கு, சுழலாத சிறிய எஸ்எஸ்டி. அதுவும் கார்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது. ஒன்று உங்கள் கைப்பையில், ஒன்று வீட்டுக்காரர் கைப்பையில். விமான நிலைய எக்ஸ்ரே கார்டை ஒன்றும் செய்யாது. பிலிம் கேமரா வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும், சுருளைப் பெரிய பெட்டியில் போடாதே என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, வேறு ஊரில் ஒன்று. வீட்டில் வைஃபை இருந்தால் ராத்திரி க்ளவுடுக்கு ஏற்றுங்கள். எல்லாம் முடியாவிட்டால் நல்ல ஐம்பதாவது. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இதை 3-2-1 என்று பிரபலமாக்கினார்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில்.

நான்காவது என் சொந்தச் சேர்க்கை. கிளம்புவதற்கு முன் 20 படமாவது பிரிண்ட் போட்டு அங்கே இருக்கும் பெரியவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். பாஸ்வேர்டு மறந்தாலும் சந்தா கட்ட மறந்தாலும் அது திறக்கும்.

வருஷா வருஷம் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது போல டிஸ்க்கையும் ஒரு நாள் போட்டுத் திறந்து பாருங்கள். மார்ச் 31 எனக்குப் பழகிய தேதி. உங்களுக்குப் பொங்கலோ தீபாவளியோ, எது தோதோ அது.