பாகுபாடு

‘பகு’ என்றால் பிரி, கூறாக்கு. பகுதி, பகுப்பு எல்லாம் இவ்வேரில் பிறந்தவை. ‘பகு’ முதலெழுத்து நீண்டு ‘பாகு’ ஆகும்; ‘படு’ என்ற வினையும் அப்படியே நீண்டு ‘பாடு’ ஆகும். சுடு, சூடு ஆவதைப்போல. ஆகப் பாகுபாடு என்பது பகுக்கப்பட்டிருக்கும் நிலை. பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுப்பதை இலக்கண நூலார் இன்றும் சொற்பாகுபாடு என்றே எழுதுகிறார்கள். அதில் குற்றம் ஏதும் இல்லை.

வேலையிடத்திலோ இச்சொல் அநீதியின் பெயர். ஒரே வேலையைச் செய்பவரை ஆண், பெண் எனப் பாலைக் காட்டிப் பிரித்து ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பது பாகுபாடு. 1976இன் சம ஊதியச் சட்டம் இதைத் தடுத்தது. மும்பைக் கப்பல் நிறுவனம் ஒன்று பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைத்துக் கொடுத்துவந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, சமமாகக் கொடுக்க வசதியில்லை என்றெல்லாம் வாதிட்டது நிறுவனம். 1987இல் நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. வசதியின்மை ஒரு காரணமே அல்ல என்ற அந்தத் தீர்ப்பு, என் கருத்தில், சட்டப் பிரிவைவிட வலுவானது. ஆணின் கூலியைக் குறைத்துச் சமப்படுத்தவும் அச்சட்டம் இடம் தரவில்லை.

2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பின் 3ஆம் பிரிவிலும் இந்தத் தடை உண்டு. ‘வித்தியாசம்’, ‘வழக்கமான நடைமுறை’ என்று நிர்வாகம் மெழுகினால் ஏற்காதீர்கள். மனுவில் பாகுபாடு என்றே எழுதுங்கள்.